ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டி: முதல் செமஸ்டர் பில் அனுப்புங்களேன்

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக ஃபிராட்டர்னிட்டி (பெரும்பாலும் ஆண்களுக்கு), சொராரிட்டி (பெண்களுக்கு) என்ற மாணவர் சங்கங்கள் பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாரிக்கிறோம். உங்கள் உதவி வேண்டும்.

நன்மைகள் நிஜமானவை. பெரிய வளாகத்தில் முதல் மாதமே பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கும். வேலை தேடும்போது பழைய உறுப்பினர்கள் கைகொடுப்பார்கள். பொருளாளராக இருந்தவருக்கு பட்ஜெட் போடுவது கைவந்துவிடும். இதைத்தான் பெரிதாக நினைக்கிறோம்.

இடறுவது பணத்தில். சந்தாத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். புது உறுப்பினர் கட்டணம், பேட்ஜ், காப்பீடு, கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் எல்லாம் பின்னாலேயே வரும். உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் சங்க வீட்டில் தங்காதவரிடமும் சில இடங்களில் வீட்டுக்கென்று ஒரு தொகை வாங்குவார்கள். அதனால் முதல் செமஸ்டர் பில்லை, பெயரை மறைத்து, வரி வரியாகத் தெரியும்படி அனுப்புங்கள். தவணை வசதி உண்டா என்றும் எழுதுங்கள்.

இன்னொன்று: 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, ராகிங் விதிமீறல் உறுதியான மாணவர் அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். சங்கத்தில் சேரச் சொல்லி வரும் அழைப்பை ஏற்கும் முன் பார்க்க வேண்டிய பக்கம் அது. உங்கள் கல்லூரியின் இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.