ரப்பர் விளையில விண்கல் விழுற காமெடி குறும்படம்: கல், ஓடு, வெளிச்சம் எப்படிச் செய்ய?

ஒட்டுப்பால்:
15 நிமிஷப் படம். கதை நடக்கிற இடம் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் விளை (தோட்டம்). விடியக்காலம் பால் வெட்டுற நேரத்துல விண்கல் விழுந்து, பக்கத்துல உள்ள ஓட்டு வீட்டுக் கூரையைப் பொத்துக்கிட்டு உள்ள போகுது. விளைக்காரர், குத்தகைக்கு வெட்டுறவர், கவுன்சிலர், கோயில் கமிட்டி எல்லாரும் "கல்லு எனக்காக்கும்"னு நிக்காங்க. கிராபிக்ஸ் பண்ண ஆளும் இல்லை, காசும் இல்லை. தீ, புகை, குளம் அளவு பள்ளம் எல்லாம் இல்லாம எடுத்தா ஜனங்க நம்புவாங்களா? கல்லை எதுல செய்யலாம்? ஓடு உடையிறதை எப்படி எடுக்க?

வட்டக்கோட்டை:
காசில்லாதது நல்லதுக்குத்தான் மக்கா. தீயும் புகையும் சினிமாக்காரன் கட்டினது. சின்ன விண்கல் ஒளிர்றது மேல இருக்கும்போது மட்டும்தான். தரைக்கு 15, 20 கிலோமீட்டர் மேலயே வேகமெல்லாம் போய், வெளிச்சம் அணைஞ்சிரும். அதுக்குப் பிறகு சில நிமிஷம் இருட்டுல சும்மா கல்லு விழுற மாதிரிதான் விழும், மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல. உருகின மேல்பக்கம் பெரும்பாலும் வழியிலேயே காத்துல பிஞ்சு போய், மெல்லிசா ஒரு கறுப்புத்தோல் மட்டும் மிஞ்சும், உள்பக்கம் விண்வெளிக் குளிரோட அப்படியே இருக்கும். அதனால கையில எடுத்தா சுடாது. ஊரே சாக்கை நனைச்சு, இடுக்கி, வாளி எல்லாம் தூக்கிட்டு பம்மிப் பம்மிக் கிட்ட போகும்போது, ஒரு சின்னப் பய வெறுங்கையால தூக்கிட்டு வரட்டும்.

அடுத்தது சத்தம். ஒளி முதல்ல, சத்தம் பிறகு. 30 கிலோமீட்டர் தூரத்துல வெடிச்சா சத்தம் வந்து சேர ஏறக்குறைய 90 விநாடி ஆகும். 2013 பிப்ரவரி 15ல ரஷ்யாவோட செல்யாபின்ஸ்க்ல சுமார் 1500 பேருக்குக் காயம், ஆனா யார் மேலயும் கல்லு விழலை. வெளிச்சத்தைப் பாத்து ஜன்னல் பக்கம் போய் நின்னவங்க மேல, அதிர்வலை பிந்தி வந்து கண்ணாடியை உடைச்சது. உங்களுக்கு இதை விட நல்ல காமெடி டைமிங் கிடைக்காது. சாயாக்கடையில எல்லாரும் வானத்தைப் பாக்காங்க, ஒண்ணும் நடக்கலை, திரும்பி உக்காந்து சாயாவை வாய்க்குக் கொண்டு போறாங்க, அப்பதான் டமார். இதை வெட்டாம ஒரே ஷாட்டா எடுங்க. 90 விநாடி முழுக்க வேண்டாம், 20 விநாடி போதும், ஆனா அந்த 20ல யாரும் பேசக் கூடாது.

வானத்துல தீக்கோடு காட்டவே வேண்டாம். மூங்கில் கம்பு நுனியில பெரிய எல்.இ.டி. லைட்டைக் கட்டி, ஒரு ஆள் மரவரிசைக்குப் பின்னால தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கத்துக்கு 3 விநாடி ஓடினா, ரப்பர் மர நிழல் எல்லாம் தரையில எதிர்ப்பக்கமா ஓடும். பாக்கறவன் மிச்சத்தை அவனே கற்பனை பண்ணிக்குவான். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்குற வெளிச்ச அளவை, லாக் பண்ணாம விட்டா கேமரா தானா இருட்டாக்கி பளிச்சைத் தின்னுரும். 25 பிரேம், ஷட்டர் 1/50ல வைங்க, இல்லாட்டி லைட் துடிக்கும்.

சிரட்டை:
கல்லு ரெண்டு செய்யணும். குளோசப்புக்கு கெட்டி, ஆள் மேல விழுறதுக்கு மெத்து.

கெட்டிக் கல்லுக்கு தெர்மாகோலைச் செதுக்கி, ஃபெவிகால்ல முக்கின பேப்பரை மூணு அடுக்கு ஒட்டிக் காய விடணும். வெறும் தெர்மாகோல் மேல ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சா அரிச்சு ஓட்டையாயிரும். மேல எம்-சீல் பூசி, ஈரம் இருக்கும்போதே பெருவிரலால அங்கங்க அமுக்குங்க. உண்மையான விண்கல்லுலயும் அப்படிக் குழி கிடக்கும். தேன்கூடு மாதிரி ஓட்டை போடாதீங்க, அது இரும்புக் கசடு. நிறம் மங்கின கறுப்பு, பளபளப்பே ஆகாது. ஒரு மூலையை மட்டும் உடைஞ்ச மாதிரி விட்டு, அங்க வெளிர் சாம்பல் பூசி அலுமினியப் பொடியைக் கிள்ளித் தூவுங்க. கறுப்புத்தோல் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கணும்.

எடையில ஏமாத்தக் கூடாது. சாதாரணக் கல்வகை விண்கல் ஒரு கன சென்டிமீட்டருக்கு மூன்றரை கிராம். 15 சென்டிமீட்டர் உருண்டைன்னா 6 கிலோவுக்கு மேல வரும். உள்ள மணல் பொதி வைக்காம நடிக்கவன் "ஐயோ கனம்"னு முக்கினா, தோளைப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க.

ஒட்டுப்பால்:
மெத்துக் கல்லை ரப்பர் பால்லயே செய்யலாமா அண்ணே? கறுப்புக்கு மணவாளக்குறிச்சி மணல் தூவினா?

சிரட்டை:
பால்ல செய்யலாம். மரத்துல வடிச்ச பச்சைப் பால் சில மணி நேரத்துல தானா உறைஞ்சிரும், அதனால அம்மோனியா சேர்த்த, 60 சதவீதம் ரப்பர் உள்ள பால் வாங்குங்க. கெட்டிக் கல்லு மேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல ரெண்டு பாதி அச்சு எடுத்து நல்லாக் காய வச்சு, பாலை ஊத்தி, அச்சு தண்ணியை உறிஞ்சி ஓரத்துல தோல் கட்டினதும் மிச்சத்தைக் கவிழ்த்திருங்க. உள்ள பஞ்சு அடைக்கலாம். பித்தளை, செம்புப் பாத்திரம் ஆகாது, ரப்பர் கெட்டிரும். மேல எனாமல் பூசினா முதல் அடியிலயே வெடிக்கும். சலிச்ச சிரட்டைக்கரிப் பொடியைத் தண்ணியில குழைச்சு பால்லயே கலக்குங்க. வேலையைத் திறந்த வெளியில வைங்க, அம்மோனியா கண்ணை எரிக்கும்.

கருமணலைத் தொடாதீங்க. அதுல மோனசைட்டுங்கிற கனிமமும், அதோட கதிர்வீச்சு உள்ள தோரியமும் கிடக்கு. அள்ளுறதும் குற்றம். கரியே போதும்.

தொடுவெட்டி:
உடையிற கூரை ஓட்டுக்கு நிஜ ஓடு ஒண்ணை அச்சா வச்சு, தேங்காய் எண்ணெய் தடவி, 1 லிட்டர் தண்ணிக்கு ஒன்றரை கிலோ பிளாஸ்டர் கணக்குல 1 சென்டிமீட்டர் கனத்துக்கு ஊத்தி வார்த்திருங்க. சீலிங் வேலைக்குப் போடுற மாதிரி நார் சேர்த்தா உடையாம தொங்கும். அடிப்பக்கம் பிளேடால கட்டம் கட்டமா கீறி, மேல காவி பூசுங்க. நிழல்ல நாலஞ்சு நாள், சாரல் காலம்னா அதுக்கு ரெண்டு மடங்கு காய வைங்க. ஈரம் இருந்தா நொறுங்காது, சப்புன்னு அமுங்கும். ஆறு ஓடாவது கூடுதலாச் செய்யுங்க. கீழ நிக்கவன் மேல பாக்கக் கூடாது, தூசி கண்ணுல விழும்.

உரிமைச் சண்டைக்கு ஒரு விஷயம். 1954 நவம்பர் 30ல அமெரிக்காவோட அலபாமாவுல ஒரு வீட்டுக் கூரையைப் பொத்துக்கிட்டு சுமார் 3.9 கிலோ கல்லு விழுந்து, ரேடியோ மேல பட்டுத் தெறிச்சு, தூங்கிட்டு இருந்த ஆன் ஹாட்ஜஸ் இடுப்புல அடிச்சது. கல்லை முதல்ல விமானப்படை எடுத்துட்டுப் போச்சு, பிறகு அவங்க வாடகைக்கு இருந்த வீட்டோட சொந்தக்காரி உரிமை கேட்டு வழக்கு. எல்லாம் தீந்தப்போ வாங்க ஆளில்லை, கடைசியில மியூசியத்துக்குக் கொடுத்தாங்க. 2023ல வந்த 'ஆஸ்டராய்டு சிட்டி' படத்துல வேற்றுக்கிரகவாசியே வந்து கல்லை எடுத்துட்டுப் போய், பதிவு எண் போட்டுத் திருப்பிக் கொண்டு வந்து வைக்கும். சிரிப்பு அங்க கல்லுல இல்லை, அந்த ஆபீஸ் வேலையில.

நம்ம ஊர்லயும் அப்படி முடிக்கலாம். இந்தியாவுல விழுற விண்கல்லைச் சேகரிச்சு வைக்கிறது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். நாலு பேரும் அடிச்சுக்கிட்டு கிடக்கும்போது கிராம அலுவலர் வந்து ஒரு தராசுல கல்லை வைக்கட்டும். ஒட்டுப்பால், அதாவது மரத்துலயும் சிரட்டையிலயும் உறைஞ்சு ஒட்டின ரப்பர், நிறுக்கிற அதே தராசு.

ஒட்டுப்பால்:
தராசு இருக்கு. ஓட்டு வேலையை முதல்ல தொடங்குறேன், மழைக்கு முந்தி காயணும்லா.