சிங்கப்பூருக்குக் கைப்பெட்டி மட்டும்: 7 கிலோவுக்குள் பட்டுப்புடவையும் நெய்யும் அடங்குமா?

மயிலாப்பூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வசிக்கும் என் அக்காவின் புதுமனை புகுவிழாவுக்கு நானும் அம்மாவும் அடுத்த மாதம் சென்னையிலிருந்து செல்கிறோம். குறுகிய பயணம்தானே என்று செக்-இன் பெட்டி இல்லாத கட்டணத்தில் பயணச்சீட்டு எடுத்துவிட்டோம். ஆளுக்கு ஒரு கைப்பெட்டி, எடை 7 கிலோ, அளவு 55×35×25 செ.மீ. என்று சீட்டில் குறிப்பிட்டிருக்கிறார்கள். வீட்டிலுள்ள டிராலிப் பெட்டியோ காலியாக இருக்கும்போதே 3 கிலோவைத் தாண்டுகிறது. மிச்சமுள்ள எடையில் ஆளுக்கு இரண்டு பட்டுப்புடவைகள், மாற்றுடைகள், அம்மாவின் மருந்துகள் எல்லாம் அடங்க வேண்டும். இவை போதாதென்று, காய்ச்சிய நெய் ஒரு பாட்டில், இட்லிப்பொடி, மாவடு ஆகியவற்றையும் எடுத்துச் சென்றே தீர வேண்டும் என்கிறார் அம்மா. எதை வைப்பது, எதை விடுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர்ப் பயணி:

வணக்கம் சகோதரி. உங்கள் சிக்கல் பொருள்களில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுகம்பியும் வைத்த கெட்டிப் பெட்டி, அனுமதித்த எடையில் ஏறத்தாழ பாதியைத் தானே விழுங்கிவிடும். அதற்குப் பதிலாகச் சக்கரமில்லாத துணிப்பையோ முதுகுப்பையோ எடுத்துக்கொண்டால், பையின் எடை ஒரு கிலோவை ஒட்டியே நின்றுவிடும். ஆளுக்கு 2 கிலோ மிச்சம். அம்மாவால் தோளில் சுமக்க முடியாது என்றால், அவருடைய பொருள்களில் கனமானவற்றை உங்கள் பைக்கு மாற்றிவிட்டு, அவருக்கு மட்டும் இரண்டு சக்கரம் வைத்த இலேசான துணி டிராலி வாங்குங்கள்.

பாண்டி பஜாருக்குப் பெட்டி வாங்கப் போகும்போது தையல்காரர் டேப் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் ‘கேபின் சைஸ்’ என்று சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். சக்கரங்களையும் மேல் கைப்பிடியையும் சேர்த்து, தரையிலிருந்து உச்சி வரை அளக்கும் உயரத்தைத்தான் விமான நிறுவனம் கணக்கில் எடுக்கும். பெட்டியின் உடற்பகுதியை மட்டும் அளந்து 55 என்று எழுதி விற்பவர்களும் உண்டு. பெட்டியைச் சுற்றி ஓடும் கூடுதல் ஜிப்பைத் திறந்துவிட்டால் கனம் 25 செ.மீ.யைக் கடந்துவிடும் என்பதால், அந்த ஜிப் இருப்பதையே மறந்துவிடுவது நல்லது.

மீனம்பாக்கத்துக்காரர்:

விமான நிலையக் கவுண்டரில் சில காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். எடை விதி எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றல்ல. இண்டிகோவில் 7 கிலோ கைப்பெட்டியுடன் 3 கிலோவுக்கு உட்பட்ட மடிக்கணினிப் பை அல்லது பெண்களுக்கான கைப்பை ஒன்றையும் அனுமதிக்கிறார்கள். ஏர் ஏசியாவிலோ பெரிய பையும் சிறிய பையும் சேர்ந்தே 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஆகவே, தோள்பை தனிக் கணக்கா, மொத்தத்தில் அடக்கமா என்பதை உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் முதலில் பார்த்துவிடுங்கள்.

நெய்யைப் பொறுத்தவரை அம்மாவிடம் உறுதியாகவே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு விமானங்களில் கைப்பெட்டிக்குள் வைக்கும் திரவம் எதுவானாலும் 100 மி.லி. கொள்ளளவுக்கு உட்பட்ட கலத்தில் இருக்க வேண்டும். அந்தக் கலங்கள் எல்லாம் 1 லிட்டர் அளவுள்ள ஒரே ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். உறைந்திருந்தாலும் நெய் இந்தக் கணக்கில்தான் வரும். 200 மி.லி. பாட்டிலில் பாதி மட்டுமே இருக்கிறது என்று வாதிட்டுப் பயனில்லை, ஏனெனில் கலத்தின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். ஊறுகாய், மாவடு, மிளகாய்த்தூள் ஆகியவற்றை நம் நாட்டு விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையின்போதே எடுத்துவிடச் சொல்கிறார்கள். மிளகாய் சேர்த்து அரைத்த இட்லிப்பொடிக்கும் அதே கதி நேரலாம்.

பவர் பேங்க் வைத்திருந்தால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. வாட்-மணி என்ற ஆற்றல் அளவில் 100 வரை தனி அனுமதி தேவையில்லை. வழக்கமான 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணிதான்.

அண்ணாநகர் அத்தை:

புடவையைப் பற்றி யாரும் பேசவில்லையே, அம்மா! ஜரிகை அடர்ந்த காஞ்சிப் பட்டு முக்கால் கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஆளுக்கு இரண்டு என்றால் பையில் பாதி இடம் போய்விடும். விழாவுக்கு ஒரு கனத்த பட்டும், மறுநாளுக்கு ஒரு மென்பட்டும் போதும். பட்டைச் சுருட்டித் திணித்தால் ஜரிகை முறிந்துவிடும். பழைய பருத்தி வேட்டித் துண்டில் தளர்வாகச் சுற்றி, மற்ற உடைகளுக்கு மேலே தட்டையாக வையுங்கள். உள்பாவாடைகளையும் ரவிக்கைகளையும் சுருட்டி ஓரங்களில் செருகலாம். கனமான செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, இலேசானதைப் பையில் வைக்க வேண்டும்.

பையை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். மளிகைக் கடை மின்னணுத் தராசு போதும். பழைய பேப்பர் வாங்குபவரின் தூக்குத் தராசை மட்டும் நம்ப வேண்டாம். அது யார் பக்கம் பேசும் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியாததல்ல. எடை 6.5 கிலோவில் நிற்பதாகப் பார்த்துக்கொண்டால் கவுண்டரில் பதற்றம் இருக்காது.

மயிலாப்பூர் வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. அம்மா புடவைக்கு இணங்கிவிட்டார், நெய்க்கு இணங்கவில்லை. கனமான பொருள்களை மேல்சட்டைப் பைகளில் நிரப்பிக்கொண்டு போகலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது சரிப்படுமா?

மீனம்பாக்கத்துக்காரர்:

எடைக்கு வேண்டுமானால் அந்த உபாயம் உதவலாம், நெய்க்கு உதவாது. சட்டைப் பையில் இருந்தாலும் திரவ விதி மாறுவதில்லை. உங்கள் அம்மாவை அப்படி நடக்க வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. போகும் வழிக்கு மட்டும், இருவரில் ஒருவர் பெயரில், இணையத்தில் முன்கூட்டியே ஒரு செக்-இன் பெட்டிக்குப் பணம் கட்டிவிடுங்கள். கவுண்டரில் கேட்கும் தொகையை விட அது குறைவாகவே இருக்கும். நெய், மாவடு, பொடி மூன்றையும் அதில் வைத்து, மூடிகளைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பாலித்தீன் உறைகளில் இட்டுக் கட்டுங்கள். திரும்பும்போது அந்தப் பொருள்கள் இருக்கப்போவதில்லை என்பதால் கைப்பெட்டியே போதும்.

பூஜைக்கென்று கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். கொப்பரைத் தேங்காயும் எளிதில் தீப்பற்றும் என்பதால் செக்-இன் பெட்டியில் தடைசெய்யப்பட்டுள்ளது. கசகசாவுக்குச் சிங்கப்பூரில் தடை இருப்பதால், அது கலந்த மசாலாப் பொடியையும் தவிர்த்துவிடுங்கள். தேங்காய், வெற்றிலை, கற்பூரம் அனைத்தும் அங்கே சிராங்கூன் சாலைக் கடைகளிலேயே கிடைக்கும். அம்மாவின் மருந்துகளை மட்டும் மருத்துவர் சீட்டுடன் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவை செக்-இன் பெட்டியோடு போகக் கூடாது.