கல்மண்டபம் தெரு குரூப்

லோகு: ஆடிக் கூழுக்குப் பாட்டு ஓட்ட ராஸ்பெர்ரி பை 5ன்னு கையடக்க கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினேன். ஹெட்போன் ஜாக்கையே காணோம்ப்பா 😩

செல்விக்கா: அது இல்லாம எப்டிடா வித்தான்?

முரளி அண்ணன்: 2023ல பை 5 வந்தப்பவே ஜாக்கை எடுத்துட்டாங்க தம்பி. பை 4ல இருந்துச்சு. பை ஜீரோன்னு சின்ன மாடல்ல எப்பவுமே கெடையாது.

லோகு: அப்ப சத்தம் எது வழியா வரும்ணா?

முரளி அண்ணன்: மைக்ரோ எச்டிஎம்ஐ ரெண்டு கீது பாரு, அது வழியா டிவிக்குப் போவும். நம்ம ஆம்ப்ளிஃபயர்ல எச்டிஎம்ஐ ஏது?

லோகு: டிவில போட்டு, அதோட ஹெட்போன் அவுட்ல இருந்து எடுத்தா?

செல்விக்கா: எங்கூட்டு டிவிய எவனும் பந்தலுக்குத் தூக்கினு போவக்கூடாது. சொல்லிட்டேன்.

பாபு: ப்ளூடூத் போட்ரு மச்சி

முரளி அண்ணன்: நடுவுல கூட்டம் நின்னா விட்டு விட்டுக் கேக்கும். வேணாம்.

பாபு: எங்கிட்ட பழைய பை 3 கீதுண்ணா. ஜாக்கோட.

முரளி அண்ணன்: அதுல டிஜிட்டல் பாட்ட ஸ்பீக்கருக்கான சிக்னலா மாத்துற டிஏசி சிப் தனியா இல்ல பாபு. பிடபிள்யூஎம்னு, கரண்ட்ட படுவேகமா ஆன் ஆஃப் பண்ணி, அத ஃபில்டர் பண்ணித்தான் சத்தமாக்குது. பாட்டு நின்னா உஸ்ஸுன்னு இரையும்.

பாபு: டிஏசி போர்டு தனியா விக்கிறானே?

முரளி அண்ணன்: அது ஐ2எஸ் போர்டு, பைல இருந்து டிஜிட்டலாவே பாட்ட வாங்கிக்கும். பிசிஎம்5102 சிப் போட்டது நல்லாவே இருக்கும். பை மேல நீட்டினு இருக்குற பின்னுங்கள்ல ஜிபிஐஓ 18, 19, 21ல ஒயர் குடுத்து, கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி சேக்கணும். வூட்ல நல்ல ஸ்பீக்கர் வெச்சிருந்தா அதான் வாங்குன்னுவேன். நாம கட்டப் போறது குழா ஸ்பீக்கர். பேஸும் வராது, மேல் சுருதியும் வராது. அதுக்கு எதுக்கு அவ்ளோ செலவு? ரிச்சி ஸ்ட்ரீட்ல சின்னதா யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒண்ணு வாங்கிக்கோ. ரெண்டு ஓட்டை இருக்கும். மைக் படம் போட்டதுல சொருகிட்டு சத்தம் வரலன்னு கூப்புடாத.

லோகு: 👍

லோகு: வாங்கினு வந்துட்டேன். சொருகியும் சத்தம் இல்லண்ணா

முரளி அண்ணன்: இன்னும் எச்டிஎம்ஐக்கே அனுப்பினு இருக்கும். மேல வலது மூலைல ஸ்பீக்கர் படத்த ரைட் கிளிக் பண்ணி, யூஎஸ்பிய டிக் பண்ணு.

லோகு: வந்துருச்சு!!! ஆனா ம்ம்ம்னு ஒரு சத்தம் கூடவே வருது

முரளி அண்ணன்: க்ரவுண்ட் லூப்பா இருக்கும், ரெண்டு பெட்டியோட எர்த்தும் வேற வேற வழில போயி வளையமாவறது. பைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல கரண்ட் எடு. அப்பவும் நிக்கலன்னா ஆடியோ ஒயர் நடுவுல அந்த வளையத்த வெட்டுற ஐசோலேட்டர் ஒண்ணு போட்டுக்கலாம்.

லோகு: நின்னுச்சுண்ணா 🙏

நைனா: எங்கூட்டு வரைக்கும் கேக்குதுடா. கொறைச்சு வை, கொழந்த தூங்குது.

செல்விக்கா: பாட்டு ஆச்சு. கேவுரு மாவு யாரு வாங்குறது?