அம்மாவின் பயாப்சி அறிக்கை: ‘ஹெர்2 2+’ என்றால் என்ன?

கேள்வி (கோத்தகிரி):
மார்பில் இருந்த கட்டியை, தேயிலைக் கொழுந்துப் பையின் வார் அழுத்திய வீக்கம் என்று அம்மா ஓராண்டு சும்மா இருந்துவிட்டார். கோவையிலிருந்து நேற்றுக் கடைசி பஸ்ஸில் அறிக்கை வந்தது. ஈஆர் 90%, ஹெர்2 2+, கேஐ-67 25%. கீழே ‘ஃபிஷ் செய்யவும்’ என்று எழுதியிருக்கிறது. மறுபடியும் ஊசியா? அம்மா ஒப்பவே மாட்டார்.

பதில் (குன்னூர்):
ஊசி பெரும்பாலும் வேண்டாம் தங்கச்சி. முப்பது ஆண்டு நோயியல் கூடத்தில் சதை சீவியவன் சொல்கிறேன். எடுத்த துணுக்கு மெழுகுக் கட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அதிலேயே ஃபிஷ் செய்வார்கள். மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! ஹெர்2 என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்; அதில் சாயம் எவ்வளவு ஏறியது என்பதற்கே இந்த எண். 2+ என்பது இரண்டுங்கெட்டான். 3+ என்றால் ஹெர்2 உண்டு, 0, 1+ என்றால் இல்லை. நடுவில் நின்றால் ஹெர்2 மரபணுவையே எண்ணிப் பார்க்க வேண்டும், அதுதான் ஃபிஷ். ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி. 90% நல்ல செய்தி, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு அதிகம்.

பதில் (உதகை):
சித்தப்பாவின் அட்ரினல் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) கட்டி அறிக்கையிலும் கேஐ-67 இருந்தது. ஹெர்2 பார்க்கவில்லையே?

பதில் (குன்னூர்):
அங்கே கேள்வியே வேறு. சுரப்பியின் புறணியில் (வெளிப்பகுதி) முளைத்ததா, உள்ளகத்திலா (உட்பகுதி)? உள்ளகக் கட்டியில் குரோமோகிரானின் என்ற புரதத்தைக் காட்டும் சாயம் ஏறும், புறணிக் கட்டியில் ஏறாது. கேஐ-67 பெருகும் செல்களின் கணக்கு, எந்தக் கட்டிக்கும் பொது. ஜெர்மனியின் கீல் நகரத்தில் பிறந்த பெயர் அது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. காலை 6 மணி பஸ்ஸில் மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கக் கிளம்புகிறேன். அம்மாவிடம் ‘ஊசி இல்லை’ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.