மசாஜ் மேசையில் அழுதுவிட்டேன், திரும்ப அதே ஆளிடம் போகலாமா?

கழுத்துப்பிடி:

நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு. எட்டு மாதமாக வலது தோள்பட்டையில் ஆரம்பித்துக் காதுக்குக் கீழே வரை யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி ஒரு பிடிப்பு. டாக்டரிடம் காட்டியாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை, தசை இறுக்கம்தான், எழுந்து நடமாடுங்கள், கொஞ்சம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தூக்கமும் அரைகுறை. சரி, மசாஜ் செய்து பார்ப்போம் என்று, உடம்பையும் மனதையும் சேர்த்தே கவனிக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற ஒரு இடத்தில் பதிவு செய்தேன்.

அங்கே ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு வித்தை. ஒருவர் தசையின் ஆழம்வரை அழுத்துகிற டீப் டிஷ்யூ, ஒருவர் விரலால் அழுத்துகிற ஜப்பானிய முறையான ஷியாட்சு, ஒருவர் தலையை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கிற கிரேனியோசேக்ரல், ஒருவர் கையை வைத்து ஆற்றல் தருவதாகச் சொல்கிற ரெய்கியோடு பாதத்தை அழுத்துகிற ரிஃப்ளெக்ஸாலஜி, ஐந்தாமவர் மூச்சுப் பயிற்சியும் தியானமும். எல்லோருடைய அறிமுகத்திலும் "சமநிலை", "ஆற்றல்", "முழுமை" என்றே எழுதியிருக்கிறது, யார் எதற்கு என்று ஒன்றும் விளங்கவில்லை. காலியாக இருந்த நேரத்தைப் பார்த்து டீப் டிஷ்யூக்காரரிடம் போனேன்.

குப்புறப் படுத்திருந்தேன். முகம் வைக்கிற ஓட்டை வழியாக அவருடைய காலுறை மட்டும்தான் தெரிந்தது. இருபது நிமிடம் ஆகியிருக்கும், தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே ஒரு இடத்தில் முழங்கையை வைத்து மெதுவாக அழுத்தினார். பெரிய வலி ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்கியதோடு நிற்கவில்லை, அந்த ஓட்டை வழியாகத் தரையில் சொட்டுகிற அளவுக்கு அழுதேன், அப்போது மனதில் எந்தத் துக்கமும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. அவர் நிறுத்தவில்லை, அழுத்தத்தைக் குறைக்கவும் இல்லை. "நல்லதுதான், உள்ளே தேங்கிக் கிடந்தது வெளியே வருகிறது. தசைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், உங்களுக்குப் பழைய காயம் ஏதோ இருக்கிறது" என்றார். முடிந்ததும் நச்சு வெளியேற நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், பத்து முறை தொடர்ந்து வந்தால்தான் முழுசாக வெளியேறும் என்றும் சொன்னார். மறுநாள் தோள் லேசாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலாம் நாள் பழையபடி.

தசையில் துக்கம் தேங்குமா? நான் அழுதது சகஜம்தானா, இல்லை எனக்குத்தான் ஏதாவது கோளாறா? அந்த ஐந்து பேரில் யாரிடம் போவது? வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், தயவுசெய்து கிண்டல் வேண்டாம்.


விரல்தேய்மானம்:

பதினாலு வருடமாக இதே வேலை செய்கிறேன். மேசையில் அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆண் பெண் வித்தியாசமெல்லாம் இல்லை, பாறை மாதிரி உடம்பை வைத்திருக்கிறவர்களும் அழுவார்கள். உங்களுக்குக் கோளாறு ஒன்றும் இல்லை. எட்டு மாத வலி, தூக்கம் கெட்ட உடம்பு, அதை ஒருவர் ஒரு மணி நேரம் அவசரப்படாமல் தொட்டுக் கவனிக்கிறார், நீங்கள் பதிலுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த இடத்தில் பலருக்குப் பிடி விட்டுவிடும். தோலில் மெதுவான வருடலுக்கென்றே பதில் சொல்கிற நரம்பு இழைகள் இருக்கின்றன, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை போனால் அவை நன்றாக வேலை செய்யும், அரக்கப் பரக்கத் தேய்த்தால் அடங்கிவிடும். அந்த இழைகள் அனுப்புகிற செய்தி உணர்ச்சியோடு சம்பந்தப்பட்ட மூளைப் பகுதிக்குப் போகிறது. அதனால் அழுகையில் அதிசயம் இல்லை.

ஆனால் "தசைக்கு ஞாபகம் இருக்கும், பழைய காயம் இருக்கிறது" என்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஞாபகம் இருப்பது மூளையில். கவலையில் இருக்கிறவர் தோளைத் தூக்கியே வைத்திருப்பார், பல்லைக் கடிப்பார், அது உண்மை. அதற்காக ஒருவருடைய தோளைத் தொட்டு அவருடைய கடந்த காலத்தைப் படிக்க என்னாலும் முடியாது, அவராலும் முடியாது. அது எங்கள் வேலையும் இல்லை. என் மேசையில் ஒருவர் அழுதால் நான் அழுத்தத்தை எடுத்துவிடுவேன், ஆனால் கையை வெடுக்கென்று எடுக்க மாட்டேன், அப்படியே அசையாமல் வைத்திருப்பேன், பிறகு "நிறுத்தட்டுமா, இப்படியே இருக்கட்டுமா?" என்று மட்டும் கேட்பேன். காகிதக் கைக்குட்டையை அவர் கை எட்டுகிற இடத்தில் வைப்பேன். எதற்கு அழுதீர்கள் என்று கேட்பதில்லை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

யாரிடம் போவது என்றால், வித்தையின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் தொழிலில் பெயர்களே ஒரு கூத்து. சுவீடிஷ் மசாஜ் என்கிறோம், அதன் நீவுதல், பிசைதல், தட்டுதலுக்குப் பிரெஞ்சுப் பெயர்கள் வைத்திருக்கிறோம், அந்தப் பெயர்களை வைத்து அதை முறைப்படுத்தியவர் 19ஆம் நூற்றாண்டில் இருந்த மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர் என்கிறார்கள். ஒரே பெயரைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிற இரண்டு பேரின் கைகள் அவ்வளவு வித்தியாசமாக இருக்கும். முதல் பத்து நிமிடத்தைப் பாருங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஆபரேஷன் ஏதாவது ஆனதா, ரத்தக் கட்டி வந்ததுண்டா, கை மரத்துப்போகிறதா, கர்ப்பமா, எங்கே தொடக்கூடாது என்று உட்கார வைத்துக் கேட்கிறாரா? எதற்காவது "இது என்னால் ஆகாது" என்று சொல்கிறாரா? ஒரு தடவையாவது அந்த வார்த்தை வாயில் வராதவரிடம் நான் என் கழுத்தைக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. அழுத்தம் போதுமா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் மரியாதைக்கு "போதும்" என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் வாயை நம்புவதில்லை, கால் கட்டைவிரலைப் பார்ப்பேன். அழுத்தம் அதிகமானால் அது மடங்கும், மூச்சு நிற்கும். அதைக் கவனிக்காமல் முழங்கையை இறக்குகிறவர் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும் பயனில்லை. (என் பெயர் வேடிக்கைக்கு வைத்தது இல்லை. கட்டைவிரல் மூட்டு போய், முன்கையால் செய்யப் பழகி ஆறு வருடம் ஆகிறது.)


பிசியோ_இரவுப்பணி:

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். அவர் தொடாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நச்சுக் கதை என் காதில் விழாத வாரம் இல்லை. மசாஜ் எந்த நச்சையும் பிழிந்து வெளியேற்றாது, அதற்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகிற லாக்டிக் அமிலம் என்பார்கள், உடற்பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் உடம்பே அதைத் தீர்த்துவிடும், எட்டு மாதமாக உங்கள் தோளில் உட்கார்ந்திருக்காது. தாகம் எடுத்தால் தண்ணீர் குடியுங்கள், அவ்வளவுதான்.

மசாஜ் வலியைக் குறைக்காதா என்றால், கொஞ்ச நாளைக்குக் குறைக்கும். முதுகு வலிக்கான 25 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்புடையது, சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: உடனடியாகக் கொஞ்சம் தேறுகிறது, நீண்ட நாளைக்கு நிற்பதாகத் தெரியவில்லை, சான்றின் தரமும் குறைவு. கழுத்து வேறு முதுகு வேறு, ஆனாலும் உங்கள் நாலாம் நாள் கணக்கு எனக்கு ஆச்சரியமாக இல்லை. தசையை நீவிவிட்டு, அதே நாற்காலியில் அதே மாதிரி பத்து மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

அந்த ஐந்து பேரைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது, யாருக்காவது வருத்தமாக இருந்தால் மன்னிக்கவும். கிரேனியோசேக்ரல்காரர்கள் மண்டையோட்டில் ஒரு துடிப்பை விரலால் உணர்வதாகச் சொல்வார்கள், ஒரே ஆளை இரண்டு பேர் தொட்டுப் பார்த்து எண்ணினால் எண்ணிக்கை ஒத்துவராது. ரெய்கி 1922இல் ஜப்பானில் உசுய் தொடங்கியது, அதில் சொல்கிற ஆற்றலை இதுவரை யாரும் அளந்து காட்டியதில்லை. ரிஃப்ளெக்ஸாலஜிக்காரர்கள் ஒவ்வொரு உறுப்புக்கும் பாதத்தில் ஒரு இடம் உண்டு என்பார்கள், பாதத்தில் கல்லீரலும் இல்லை, கழுத்தும் இல்லை. அங்கே போய்ப் படுத்தால் சுகமாக இருக்குமா என்றால் இருக்கலாம், அமைதியான அறையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுத்தால் யாருக்குத்தான் சுகமாக இருக்காது. மூச்சுப் பயிற்சியும் தியானமும் சொல்லித்தருகிற அந்த ஐந்தாமவர் உண்மையில் தூக்கத்துக்கு உதவலாம். தசையை இறுக்கி, ஐந்து நொடி பிடித்து, விடுகிற ஜேக்கப்சன் பயிற்சி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்கிற மாதிரி மெதுவாக விடுவது, இதெல்லாம் ஒருமுறை கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம், பத்து முறை போக வேண்டாம்.

முக்கியமான விஷயம்: கை மரத்துப்போவது, பிடி தளர்வது, பொத்தான் போடக் கை தடுமாறுவது, நடை தள்ளாடுவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது வந்தாலும் மசாஜ் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். கழுத்தைச் "சொடக்கு" எடுக்க யாரையும் விடாதீர்கள். அபூர்வம்தான், ஆனால் அதில் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.


நீலப்போர்வை:

பிசியோ சொல்வது சரியாகவே இருக்கட்டும், ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் நம்பிப் போனது பாதம் அழுத்துகிற ஒரு அம்மாவிடம். பாதத்தில் கல்லீரல் இருக்கிறதா என்றெல்லாம் நான் கேட்டதில்லை, சும்மா தூக்கம் வரும் என்று போவேன். நீண்ட பயணம் போய்வந்து ஒருநாள் இடது ஆடுசதை வலிக்கிறது, இன்றைக்கு அங்கே நன்றாக அழுத்திவிடுங்கள் என்றேன். அவர் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்தார், துண்டை எடுத்து மூடிவிட்டார். "ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, சூடாக இருக்கிறது, நான் தொட மாட்டேன், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. போனால் காலின் ஆழமான சிரையில் ரத்தக் கட்டி. அழுத்தியிருந்தால் அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அதற்கு அப்புறம் ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொரு இடத்தில், சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டியிருந்த ஒருவர், எதையும் கேட்காமல் முதுகை அழுத்தி, இரண்டு வாரம் கத்தரிக்காய் நிறத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். நானும் சொல்லவில்லை, அது என் தப்புதான். அவரும் கேட்கவில்லை.


பிசியோ_இரவுப்பணி:

அந்த அம்மாவை என்னோடு வேலை செய்ய அனுப்பிவையுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.


கழுத்துப்பிடி:

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் உறைக்கிறது, என்னிடம் அன்று யாரும் எதுவும் கேட்கவே இல்லை. வரவேற்பில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், நானும் படிக்காமல் போட்டேன். மரப்பு கிரப்பு எதுவும் இல்லை, அதைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் மற்ற நாலு பேரிடம் எப்படிக் கேட்பது? கேள்வி கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்க மாட்டார்களா?


விரல்தேய்மானம்:

நினைத்தால் நினைக்கட்டும். போன் செய்து, இதுதான் வலி, எத்தனை முறை வர வேண்டியிருக்கும், சரியாகவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இரண்டு மூன்று முறை பார்ப்போம், மாற்றம் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்கிறவரிடம் போங்கள். பத்து, இருபது என்று முதலிலேயே எண்ணிக்கை சொல்கிறவரிடம் வேண்டாம். பழைய ஆளைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சண்டையாக இல்லை, "அழுதபோது நிறுத்தியிருக்கலாம்" என்று. தெரியாமல்கூடச் செய்திருப்பார், யாராவது சொன்னால்தானே தெரியும்.


கழுத்துப்பிடி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நாலு பேரிடமும் பேசினேன். கடைசியில் ஷியாட்சு செய்கிறவரிடம் போனேன், காரணம் ஷியாட்சு இல்லை, போனிலேயே "எந்தக் கையில் மவுஸ் பிடிப்பீர்கள், திரை கண்ணுக்கு நேராக இருக்கிறதா?" என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். உடை மாற்ற வேண்டாம், தரையில் விரிப்பில் படுத்தால் போதும், அதுவும் எனக்குக் கூச்சத்தைக் குறைத்தது. மூன்று முறைக்கு மேல் வர வேண்டாம், அதற்குள் டாக்டர் சொன்ன மாதிரி தோளுக்குப் பயிற்சி ஆரம்பித்துவிடுங்கள் என்று அவரே சொன்னார். இரண்டு முறை ஆயிற்று, வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பாதியாவது குறைந்திருக்கும், அது பயிற்சியாலா அவராலா தெரியவில்லை. தூக்கம் பரவாயில்லை.

அதே இடத்தைத்தான் இவரும் தொட்டார், தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில். அழுகை வரவில்லை, ஆனால் அழுத்தம் கொஞ்சம் கூடியது, நான் வாயைத் திறக்கவில்லை. கையை எடுத்துவிட்டு "அதிகமாகிவிட்டதா?" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். என் காலைக் காட்டினார்.