கேட்டோவின் பண்ணைக் கணக்கு: லாபமா, ஏட்டுச் சுரைக்காயா?

மண்வெட்டி:
ரோமானிய அரசியல்வாதி கேட்டோ கி.மு. 160 வாக்கில் எழுதிய வேளாண் நூலைப் படித்தேன். 100 யூகெரம் (ரோமானிய நில அளவு) திராட்சைத் தோட்டத்துக்கு, அதாவது சுமார் 62 ஏக்கருக்கு, காரியஸ்தன், அவன் மனைவி, மாட்டுக்காரன், கழுதைக்காரன், பன்றி மேய்ப்பவன் எல்லாம் சேர்த்து 16 பேர்தான். கோதுமைப் படியிலிருந்து மரச்செருப்பு வரை கணக்கு. அடிமைப் பண்ணை நல்ல லாபத்தில் ஓடியது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
அந்த 16 பேர் நிரந்தர ஆட்கள் மட்டும் சார். ஒலிவம் பறிக்க, ஆட்டி எண்ணெய் எடுக்க ஒப்பந்தம் விடுவது எப்படி என்று அதே நூலில் இருக்கிறதே! வேலை மும்முரமாகும்போது வெளியாட்கள் வந்தார்கள். கிழட்டு மாட்டோடு கிழட்டு அடிமையையும் விற்றுவிடச் சொன்னவர் அவர். அவர் வாழ்க்கையை எழுதிய கிரேக்கர் புளூட்டார்க்கே இதைக் கண்டித்திருக்கிறார்.

மண்வெட்டி:
அறம் வேறு, வரவு செலவு வேறு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா கணக்கே போட்டுக் காட்டினாரே?

கணக்குப்பிள்ளை:
சரி, அதையே பார்ப்போம். 7 யூகெரம் நிலம் 7,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). திராட்சை வேலை தெரிந்த அடிமை 8,000. கொடி, முட்டுக்கம்பு வகையில் 14,000. காய்ப்பு இல்லாத 2 வருடத்துக்கு 6 சதவீத வட்டி 3,480. ஆக 32,480. வருட வரவு 2,100. அந்த முதலை வட்டிக்கு விட்டிருந்தால் சுமார் 1,950. மிச்சம் 150! அதற்குள் அடிமையின் சாப்பாடு, துணி, ஆலை, ஜாடி எல்லாம் அடங்குமா? அவன் செத்துப்போனால் 8,000 போச்சு. அந்தப் பேச்சே இல்லை.

மண்வெட்டி:
அது வேண்டுமென்றே குறைத்துப் போட்ட கணக்கு. யூகெரத்துக்குச் சுமார் 520 லிட்டர், அதுவும் அடிமட்ட விலைக்கு. அதைப்போல் மூன்று மடங்கு தராத தோட்டத்தைப் பிடுங்கிப் போடலாம் என்கிறார் அவர். அப்போது வரவு 6,300, போட்ட முதலுக்கு 19 சதவீதம்.

தென்கரை:
இரண்டு பேரும் திராட்சையை விட்டு நகரவே மாட்டீர்களா? முதலாளி அடிக்கடி போக முடியாத தூரத்து நிலத்தை, அதுவும் தானியம் விளையும் நிலத்தை, அடிமைகளிடம் விடாதே, குத்தகைக்கு விடு என்பவரும் இதே கொலுமெல்லாதான். மாட்டை வாடகைக்கு விடுவார்கள், விதைத்ததைவிடக் கூடுதலாக எழுதுவார்கள் என்று பட்டியலே போடுகிறார்.

மண்வெட்டி:
குத்தகை மட்டும் என்ன வாழ்ந்தது? ரோமானிய நிலக்கிழார் இளைய பிளினியின் குத்தகைதாரர்கள் பாக்கி ஏறி, கட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். கடைசியில் விளைச்சலில் பங்கு வாங்கும் வார முறைக்கு மாறினார்.

கணக்குப்பிள்ளை:
மாறினார். அப்புறம் வேலை வாங்கவும் விளைச்சலைக் காவல் காக்கவும் சொந்த ஆட்களையே நிறுத்த வேண்டிவந்தது. அந்தச் செலவை யார் தலையில் எழுதுவீர்கள்?