டிஸ்க் ஆபரேஷன் முடிந்து 14 மாதம், கால் நரம்பு வலி திரும்பிவிட்டது

வணக்கம். வயது 43, ஊர் கம்பம். கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப் ஓட்டினேன். இப்போது வீட்டில்தான்.

கீழ் முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க் பிதுங்கியதற்கு மதுரையில் ஆபரேஷன். பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்தார்கள், எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்க்ரூ கிடையாது. ஐந்து மாதம் நன்றாக இருந்தேன். பிறகு இடுப்பில் பிடித்து, வலது கெண்டைக்காலின் வெளிப்பக்கமாகக் கட்டைவிரல் வரை சுரீரென்று இழுக்க ஆரம்பித்தது. பத்து நிமிடம் நின்றால் மிளகாய் அரைத்துப் பூசிய எரிச்சல். போன வாரம் வலது செருப்பு கழன்றதே தெரியாமல் டீக்கடை வரை நடந்திருக்கிறேன். சர்க்கரை இல்லை. சிறுநீர், மலம் போவதில் சிக்கல் இல்லை.

பிசியோ ஆறு வாரம் போனேன். இரவில் நரம்பு வலிக்கான பிரிகாபலின் 75 மி.கி., தூக்கம்தான் வருகிறது. முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டதும் மூன்று வாரம் சொர்க்கம், அப்புறம் பழைய குருடி கதையேதான். கோட்டயம் பக்கம் 14 நாள் ஆயுர்வேதம்: மருந்து மூட்டையால் ஒத்தடம் கொடுக்கும் கிழி, இடுப்பில் சூடான எண்ணெய் தேக்கி வைக்கும் கடிவஸ்தி. உடம்பு லேசானது, கால் அப்படியே.

மருந்து செலுத்தி எடுத்த எம்ஆர்ஐயில் புதுப் பிதுக்கம் இல்லை. நரம்பைச் சுற்றித் தழும்புத் திசு. ஒரு டாக்டர் ஸ்க்ரூ வைக்கலாம் என்கிறார். இன்னொருவர், திரும்ப வெட்டினால் தழும்புதான் கூடும் என்கிறார்.

இதே மாதிரி ரிப்போர்ட்டோடு இரண்டாவது ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி குறைந்ததா?